ஹாலு பத்தல்ல

பெங்களூர் வந்த புதிதில் என் வாயில் நுழைந்த முதல் கன்னடச் சொல் ஹாலு. ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவுக்குத் தமிழே போதும். ஆனால் முனைக்கடைக்காரர் மட்டும் பால் என்று கேட்டால் காதே கேட்காதவர் போல நிற்பார். ஹாலு என்றால்தான் பாக்கெட் வரும். அங்கே நின்றுதான் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். நம் ப இங்கே ஹ ஆகிவிடும்: பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு. நம் வ, 'பஸ்'ஸில் வருகிற ப ஆகிவிடும்: வா என்றால் பா, வேண்டாம் என்றால் பேடா. இந்தச் சூத்திரத்தை வைத்துக்கொண்டு வைட்ஃபீல்ட் போகும் கம்பெனி பஸ்ஸில் தைரியமாகக் கன்னடம் பேச ஆரம்பித்துவிட்டேன். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிக்க வேண்டாம். இங்கே வந்தால் நீங்களும் இதைத்தான் செய்வீர்கள்.

மகள் பிறந்து மூன்று மாத விடுப்பு முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆரணியிலிருந்து அம்மா வந்திருந்தார். அமெரிக்கா போய்வந்த தோழி வாங்கித் தந்த கைப் பம்பால் ஆபீஸ் டாய்லெட்டில் நின்றபடி பால் எடுப்பேன். வெளியே யாராவது குழாயைத் திறந்தாலே எனக்குப் பதறும்; பதறினால் பால் இறங்காது. மீட்டிங் நீண்டால் அந்த வேளை அப்படியே போய்விடும். முதலில் கழுத்துவரை நிரம்பிய புட்டி பாதிக்கு இறங்கியது, பிறகு அடியில் தேங்கி நின்றது.

என் தம்பி பிறந்தபோது ஆரணியில் அம்மாவுக்கு உறவுக்காரப் பெண்கள் பூண்டும் பால்சுறாவும் சமைத்துப் போட்டது நினைவிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பால் கொடுப்பார். எவ்வளவு சுரந்தது என்று யாருக்கும் தெரியாது. குழந்தை தூங்கினால் சரி. இங்கேயோ புட்டியில் கோடு போட்டிருக்கிறது. சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா அந்தக் கோட்டைப் பார்த்துவிடுவார்.

"கொழந்த அழுது அழுது தூங்குதுடி. வேலைய விடு, இல்லன்னா டப்பா பால் வாங்கு. ரெண்டத்தையும் புடிச்சிக்கினு தொங்காத" என்றார் ஒருநாள்.

டப்பா பால் கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு இரண்டும் வேண்டும். எங்கள் குடும்பத்தில் வேலைக்கென்று ஊர் தாண்டி வந்த முதல் பெண் நான். அந்த வேலையும் என்னுடையது, இந்தப் பாலும் என்னுடையது. எதை விட்டாலும் தோற்றதாகத்தான் எனக்குத் தோன்றும்.

மறுநாள் டாய்லெட்டிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தபோது ஷைலஜா பார்த்துவிட்டாள். வரவேற்பில் உட்காருபவள், ஹாசன் ஊர்க்காரி, ஆபீஸில் எல்லா அறைச் சாவியும் அவளிடம்தான். என்ன ஆயிற்று என்று கேட்டாள். பால் பத்தலை என்று சொல்ல வேண்டும். பாலுக்குக் கன்னடம் தெரியும், பத்தலைக்குத் தெரியாது. கடைசியில் ஒரு ல-வை அழுத்திவிட்டால் கன்னடமாகிவிடும் என்று நம்பி, "ஹாலு பத்தல்ல" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பத்தல்லவா? ஒள்ளேது, ஒள்ளேது!" என்றாள். நல்லது, நல்லதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் குழந்தைக்குப் பால் போதாதது இவளுக்கு ஒள்ளேதா?

ஆனால் அன்று மதியமே மருத்துவ ஓய்வறைச் சாவியை என் மேஜையில் வைத்து, "யாவாக பேக்காதரூ ஹோகி" என்றாள். எப்போது வேண்டுமானாலும் போகலாமாம். என் மேனேஜரிடமும் ஏதோ சொல்லியிருக்கிறாள். அந்த மனிதர் மீட்டிங் நடுவில் காது சிவக்க, "நீங்கள் கிளம்புங்கள்" என்று அவராகவே என்னை அனுப்ப ஆரம்பித்தார். நான் இரண்டு தடவை போய்வந்தால் ஷைலஜா மூன்றாவது தடவையும் போகச் சொல்லித் துரத்துவாள். தாழ்ப்பாள் போட்ட அறை, உட்கார நாற்காலி, கேள்வி கேட்க ஆளில்லை. அடிக்கடி எடுக்க எடுக்கப் பால் மெல்ல ஊறத் தொடங்கியது. சில வாரங்களில் அம்மா புட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திட்டாமல் ஃப்ரிட்ஜில் வைத்தார். அவரிடம் அது பெரிய பாராட்டு. அன்று நான் நிமிர்ந்து நடந்தேன்.

விஷயம் கோடையில்தான் விளங்கியது. ஆபீஸ் குழாயில் தண்ணீர் வரவில்லை. "போர்வெல் பத்தி ஹோயித்து" என்றாள் ஷைலஜா. தண்ணீர்க் கிணறு எப்படிப் பற்றி எரியும் என்று கேட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, உள்ளே நீரே இல்லை, வற்றிவிட்டது என்று விளக்கினாள். நம் வற்றுவது இவர்களுக்குப் பத்துவது, 'பஸ்'ஸில் வருகிற ப. என் சூத்திரமேதான், எனக்குத்தான் உறைக்கவில்லை. என் நாக்கில் இரண்டு ப-வும் ஒன்றுதான். அப்படியானால் அன்று அவள் காதில் விழுந்தது? பால் வற்றாது! எடுக்க எடுக்க நிற்காமல் சுரந்து இந்தத் தமிழ்ப்பெண் வலியில் அழுகிறாள் என்று நினைத்துத்தான் அத்தனை தடவை என்னைத் துரத்தியிருக்கிறாள்.

உண்மையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு என் தோளைத் தட்டி, "ஆதரூ பத்தலில்வல்லா!" என்றாள். ஆனாலும் வற்றவில்லையே! அவள் சொன்னதும் சரிதான்.

மகளுக்கு இரண்டு வயது முடிந்த பிறகு ஆரணியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பெரியம்மா டம்ளரில் பால் ஆற்றிக்கொண்டே, "வேலைக்குப் போற பொம்பள, எந்த டப்பா குடுத்து வளத்த?" என்று கேட்டார். "டப்பாவே கெடையாது பெரிம்மா, எல்லாம் என் பால்தான்" என்றேன். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

என் மகள் டம்ளரைத் தள்ளிவிட்டு, "ஹாலு பேடா!" என்று கத்தினாள்.

கீழ்வீட்டுக் கன்னடப் பிள்ளைகளிடம் கற்றது. அந்தப் பேடாவின் ப என் நாக்குக்கு இன்றுவரை வராத சுத்தமான ப. பெரியம்மா திகைத்து, "என்னாடி சொல்லுது?" என்றார். கன்னடத்தில் ஒரு சொல்கூடக் கற்க மாட்டேன் என்றிருந்த என் அம்மா முந்திக்கொண்டு, "பால் வாணாமாம்" என்றார், பரீட்சையில் பாஸான முகத்தோடு.

பாலுக்காக இத்தனை பாடுபட்டவள் முன்னால் இப்படி வேண்டாம் என்கிறாளே என்று கோபம் வந்தது. சொன்ன அழகில் பெருமையும் வந்தது. "குடி" என்று அதட்டினேன். நல்லவேளை, அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். இரண்டு மொழியிலும் அவள் கேட்கவில்லை.