பாக்கெட்டுக்குள் இருந்த கை

மேடத்தின் கம்ப்யூட்டர் திரையில் தோலும் துணியும் இல்லாத ஓர் எலும்புக்கூடு நடந்துகொண்டிருந்தது. நடப்பது யார் என்பது முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தொண்ணூறுகளின் கடைசி. மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் இயங்கிய சின்ன அனிமேஷன் கம்பெனி. மூட்டுவலித் தைல விளம்பரம் ஒன்றுக்காக, நொண்டி நடக்கும் ஒரு தாத்தாவை முப்பரிமாணத்தில் செய்துகொண்டிருந்தோம். தாத்தாவின் உடம்புக்குள் எலும்புகளைப் பொருத்தி அசைப்பது மேடத்தின் வேலை. எலும்பு அசையும்போது மேலே இருக்கும் தோல் எந்த இடத்தில் எவ்வளவு கூடவே போக வேண்டும் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது என் வேலை. பங்கு தவறினால் முழங்கால் மடங்கும் இடம் சூம்பிவிடும். சூம்பாமல் பார்த்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். சிறு வயதில் போலியோ வந்து சூம்பிய இடது கால் எனக்கு. இதை வைத்து அங்கே யாரும் கேலி செய்ததில்லை. நானே மனதுக்குள் செய்துகொள்வேன்.

அந்த முழங்காலுக்குத் தானாக நிற்கும் வலு கிடையாது. ஒவ்வோர் அடிக்கும் இடது கையால் தொடையை அழுத்தித் தள்ளினால்தான் கால் மடங்காமல் நிற்கும். இதை ஊர் பார்க்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்தேன். கையை பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வேன். பார்ப்பவர்களுக்கு ஒரு வாலிபன் கொஞ்சம் சாய்ந்து ஒயிலாக நடக்கிறான். உள்ளே கை தள்ளிக்கொண்டிருக்கும். கல்லூரியில் ஒருவன் அதை ஸ்டைல் என்றே சொல்லிவிட்டான். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நொண்டுவது தெரிந்தால் தெரியட்டும், கையை ஊன்றித்தான் நடக்கிறேன் என்பது மட்டும் தெரியக் கூடாது. என் மானம் முழுவதும் அந்தப் பாக்கெட்டில் இருந்தது.

மேடம் என்னைவிட மூத்தவர். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவரின் மகள். அதனாலோ என்னவோ, உடம்பைப் பற்றிப் பேச அவருக்குக் கூச்சமே கிடையாது. மற்றவர்கள் மரியாதைக்காக என்னை விட்டுவிட்டு, தாத்தாவின் நடைக்கு மாதிரியாகத் தெருவில் போகும் கிழவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, அவர் நேராக என் மேசைக்கு வந்து, கன்னடம் கலந்த தன் தமிழில் கேட்டார்.

“ஸ்வல்ப நடந்து காட்டறீங்களா? நீங்க நடந்தாதான் நிஜமா இருக்கும்.”

நடந்து காட்ட வெட்கம். மறுக்கவும் வெட்கம். மொட்டை மாடியில் அவர் கேமராவைப் பிடித்திருக்க, பாக்கெட்டில் கையோடு, என்னால் முடிந்த அளவு நேராக நடந்தேன்.

திரையில் எலும்புக்கூடு நடந்தது அந்த நடைதான். எலும்புக்கு பாக்கெட் ஏது? வீடியோவில் துணி மறைத்ததை, தோள் இறங்குவதையும் முழங்கை விறைப்பதையும் வைத்து மேடம் கண்டுபிடித்திருந்தார். அறை முழுக்கத் தெரிகிற அந்தத் திரையில், கூடு அடிக்கு அடி தொடையில் கையை ஊன்றித் தள்ளி நடந்தது. அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

“மேடம், அந்தக் கையை எடுத்துடுங்க. தாத்தாவுக்கு நல்லா இல்ல.”

அவர் கூட்டின் கையைத் தொடையிலிருந்து எடுத்து, வீசி நடக்கவிட்டார். கூடு காற்றில் மிதப்பது போல் போனது. அது நொண்டுகிறவரின் நடை என்று யாரும் நம்ப மாட்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இப்படி உங்களால நடக்க ஆகுமா?”

இன்று ஊன்றுகோலோடு ஊரறிய நடக்கிறேன், அதில் கூச்சமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. அம்மாவிடம்கூட அதுவரை சொல்லாத பதில்.

“ஆகாது, மேடம்.”

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் உடைந்து அறை முழுக்கக் கேட்டது. எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்புவார்கள் என்று தலையைக் குனிந்து நின்றேன். ஒருவரும் திரும்பவில்லை. பக்கத்து மேசைக்காரர் மட்டும் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“கையை முன்ன மாதிரியே வெச்சுடுங்க மேடம். இவர் தினமும் அப்படித்தானே நடக்கறார்.”