பாதி மட்டும் சொன்ன கார் கம்பெனிக் கதை

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள், ஒருத்தி என் தங்கை விட்டுவிட்டுப் போன பெண். ஐந்து பேருக்கும் நானே முன்னால் நின்று கல்யாணம் செய்து வைத்தேன். நான்கு கல்யாணத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வந்தார்கள், சாப்பிட்டார்கள், மொய் எழுதினார்கள், போனார்கள். ஐந்தாவது கல்யாணம் கடைசி மகனுடையது. அதில்தான் ஒரு கார் கம்பெனியின் கதையைப் பாதி மட்டும் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

என் எழுத்து கோணலாக இருக்கும். பிள்ளைகளின் சிலேட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்ட எழுத்து. ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகும். ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

கடைசி மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சென்னைக்குப் பக்கத்தில் ஓர் அமெரிக்கக் கார் கம்பெனியில் சேர்ந்தான். கார் நகர்ந்து வரும், இவன் நின்ற இடத்தில் நின்று கதவை மாட்டுவான். சேர்ந்த புதிதில் எல்லோரையும் குளுகுளு ஹாலில் உட்கார வைத்து, கம்பெனி எப்படி வந்தது என்று படம் போட்டுக் காட்டினார்களாம். லீவுக்கு வந்தபோது நான் கடலை உரிக்க, அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொன்னான்.

கம்பெனியைத் தொடங்கியவர் ஒரு விவசாயியின் மகனாம். சின்ன வயதிலேயே காட்டு வேலை பிடிக்காது. யார் வீட்டுக் கடிகாரம் கிடைத்தாலும் பிரித்து மாட்டுவாராம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் முதல் வண்டியைச் செய்தார். அதற்குச் சைக்கிள் சக்கரம்தான். செய்து முடித்த பிறகுதான் வண்டி வாசலைவிட அகலம் என்று தெரிந்திருக்கிறது. கோடாலியை எடுத்துச் சுவரை இடித்து வெளியே கொண்டுவந்தாராம். கேட்டு எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் ஆள் நடந்துபோய் வேலை செய்யாமல், வண்டியே ஆளிடம் வருகிற மாதிரி செய்தார். கூலியை ஒரேயடியாக இரட்டிப்பாக்கினார். ரொம்ப வருஷம் கறுப்பு வண்டி மட்டும்தான் வந்ததாம். அவருடைய மகன் அவருக்கு முன்னாலேயே இறந்துபோனான், பேரன் வந்து கம்பெனியை நிமிர்த்தினான். இன்றைக்கும் அந்த வீட்டுப் பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள்.

நான் இதையெல்லாம் நெட்டுருப் போட்டுக்கொண்டேன். ஒரு முறை கேட்டால் எனக்கு மறக்காது. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

மகனுக்கு மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு பெண் அமைந்தது. பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வேனில் பதினோரு பேராக வந்தார்கள். பெண்ணின் அப்பா பேசாத மனிதர். பேசுவதெல்லாம் அவருடைய அண்ணன், பெண்ணின் பெரியப்பா. காய்கறி மண்டி வைத்திருப்பவர். தக்காளியை அழுத்திப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்துக் கேட்டார். போர்வெல்லில் எத்தனை அடியில் தண்ணீர்? மூத்தவனுக்கு எவ்வளவு நிலம்? கடைசியில் வேலைக்கு வந்தார்.

"ஓசூர்ல என் மச்சான் வேல செஞ்ச கம்பெனிய ஒரே ராத்திரில பூட்டிட்டுப் போயிட்டானுங்க. இதுவும் அப்படிப் பூட்டிட்டா எங்க பொண்ணு என்னாங்க பண்ணுவா?"

என் மூத்த மகன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். நான் விடவில்லை. கடிகாரத்தில் ஆரம்பித்துப் பேரன் வரைக்கும் மடமடவென்று சொன்னேன். வந்தவர்கள் காபியைக் குடிக்காமல் கேட்டார்கள்.

"நூறு வருசத்துக்கு மேலங்க. அப்பன், புள்ள, பேரன்னு வம்சமா நடத்தறாங்க" என்று முடித்தேன்.

பெரியப்பா அப்போதுதான் காபி டம்ளரை எடுத்தார். "ஏம்மா, பையனுக்குப் பொண்ணு கேக்கறீங்களா, அந்த அமெரிக்காக்காரனுக்கா? அவன் ஜாதகமும் கையில இருக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே சம்பந்தம் முடிந்துவிட்டது. தட்டு மாற்றினோம்.

பத்திரிகை அடிக்கத் தருமபுரிக்கு நானும் போனேன். மாப்பிள்ளை பேருக்குக் கீழே படிப்பும் கம்பெனியும் போடுவது வழக்கம்தானே. பிரஸ்காரர் சின்ன எழுத்தில் போட்டுக் காட்டினார். "கம்பெனி பேரு பெருசா இருக்கட்டும், தங்கக் கலர்ல போடுங்க" என்றேன். மூத்த மகன், "ஏம்மா, கல்யாணம் தம்பிக்கா கம்பெனிக்கா?" என்றான். நான் காதில் வாங்கவில்லை. எழுநூறு பத்திரிகை அடித்தோம். அந்தப் பேரை இங்கே நான் எழுதப்போவதில்லை. ஒரு தடவை அச்சடித்ததே போதும்.

கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தபோது மகன் போன் செய்தான். மத்தியானம், அவன் வேலையில் இருக்க வேண்டிய நேரம்.

"அம்மா, கம்பெனிய மூடறாங்கம்மா."

"எந்தக் கம்பெனிய?"

"நம்ம கம்பெனிய."

இந்த நாட்டில் இனிமேல் வண்டி செய்யப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பாக்கி இருக்கிற வண்டிகளை முடிக்கும்வரை சில மாதம் வேலை இருக்கும், அதற்கப்புறம் இல்லை. அவன் அழவில்லை. சாப்பிட்டியா என்று நான் கேட்டேன், சாப்பிட்டேன் என்றான்.

மூத்தவன் ஒரே வார்த்தையில் சொன்னான். "தாலி கட்ற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. இன்னும் சில மாசம் வேல இருக்குதில்ல? அப்ப நாம பொய் சொல்லலியே."

நாங்கள் பொய் சொல்லவில்லைதான். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் மாரண்டஹள்ளிதான் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரி டிவியில் பார்த்துவிட்டு, "ஏங்க்கா, உங்க பையன் கம்பெனியாமே?" என்று கேட்டாள். "அது வேற பிரிவு" என்று சொல்லிவிட்டேன். எந்தப் பிரிவு, என்ன பிரிவு, எனக்கே தெரியாது. பெண் வீட்டில் டிவி இருக்கிறது, செல்போன் இருக்கிறது. அவர்களுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? தெரிந்தும் பேசாமல் இருக்கிறார்களா, கல்யாணத்தை நிறுத்தத் தேதி பார்க்கிறார்களா? அந்தக் கம்பெனி போனால் போகட்டும். பத்திரிகை கொடுத்த பிறகு நின்ற கல்யாணம் என்றால் அந்தப் பெண்ணை ஊர் என்ன பேசும், என் மகனுக்கு அப்புறம் யார் பெண் கொடுப்பார்கள் என்றே ஓடிக்கொண்டிருந்தது.

நாலாவது நாள் கிளம்பிவிட்டேன். முகூர்த்த ரவிக்கைக்கு அளவு ரவிக்கை வாங்கி வருகிறேன் என்று மூத்தவனிடம் சொன்னேன். பாப்பாரப்பட்டியில் ஏறி, பாலக்கோட்டில் மாறி, மாரண்டஹள்ளியில் இறங்கினேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்துச் சீட்டுக்காரி, "என்னங்கம்மா, மந்திரமா?" என்றாள்.

பெண் வீட்டில் யார் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. வாசலில் தக்காளியைப் பெட்டி பெட்டியாகத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க சம்பந்தி, வாங்க" என்று பெரியப்பா எழுந்து நாற்காலி போட்டார். பெண், "அத்த, கை கால் கழுவிக்குவீங்க வாங்க" என்று என்னைப் புழக்கடைக்குக் கூட்டிப்போனாள். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, சொல்லத்தான வந்தீங்க? சொல்லாதீங்க. அவரு அன்னிக்கே எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டாரு."

"அப்ப இங்க யாருக்கும் தெரியாதா?"

"கேபிள் வயர நான்தான் புடுங்கி வுட்டேன். எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். பெரியப்பா போன்ல காய் வெல மட்டுந்தான் பாப்பாரு. தெரிஞ்சா நிறுத்திடுவாருங்க அத்த. எனக்கு உங்க புள்ளதான் வேணும். இன்னும் பதினெட்டு நாளு, வாய மூடிக்குங்க, உங்க கால்ல வேணா விழறேன்."

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பெண்ணுக்கே தெரியும், பெண்ணே வேண்டும் என்கிறாள், இனி எனக்கு என்ன? சரி கண்ணு என்று சொல்லிவிட்டேன். ஆமாம், சொல்லிவிட்டேன். அதை மறைக்க முடியாது.

முன்பக்கம் வந்து உட்கார்ந்தேன், காபி கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து அவர்கள் பங்காளி ஒருவர் பத்திரிகை வாங்க வந்தார். பெரியப்பா பத்திரிகையைப் பிரித்து அந்தத் தங்க எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"மாப்பிள கம்பெனி சாதாரணம் இல்லப்பா. நூறு வருசத்துக் கம்பெனி. ஆரம்பிச்சவன் நம்மள மாதிரி விவசாயி புள்ள. கோடாலில செவுத்த ஒடச்சி வண்டிய வெளிய எடுத்தானாம். வம்சமா நடத்தறாங்க, மூடற பேச்சே கெடையாது. நம்ம சம்பந்தியத்தான் கேளு, எல்லாம் அவங்க வாயால சொன்னது."

மூடுகிற பேச்சே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் அப்படி எடுத்துக்கொள்ளும்படிதான் சொன்னேன். அந்தப் பங்காளி மரியாதையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். நாளைக்கு ஊரே இந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்கும், என்னால்.

பங்காளி போகிற வரைக்கும் பொறுத்தேன். அப்புறம், "சம்பந்தி, அந்தக் கம்பெனிய மூடறாங்க" என்றேன். கதவோரம் நின்றிருந்த பெண்ணை நான் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு வராது.

தக்காளி பிரித்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

"எப்பலருந்து தெரியும்?"

"நாலு நாளா."

"நாலு நாளா என்னா பண்ணீங்க?"

"பயந்துகிட்டு இருந்தேனுங்க."

நான்தான் மேலே மேலே பேசினேன். "அன்னிக்கு நான் பாதிதாங்க சொன்னேன். அந்தாளு மொதல்ல ஆரம்பிச்ச கம்பெனி மூடிப் போச்சு. ரெண்டாவது ஆரம்பிச்சாரு, அதுலயும் நெலைக்கல, வெளிய வந்துட்டாரு. மூணாவதுதான் இது. பையன் எனக்குச் சொல்லியிருந்தான். சம்பந்தம் பேசற எடத்துல மூடுன கதை எதுக்குன்னு நான் வுட்டுட்டேன். ரெண்டு தடவ வுழுந்தவர்தான் அவ்வளவு பெருசா வந்தாரு."

"அவரு கம்பெனி வெச்சவரும்மா" என்றார் பெரியப்பா. குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "உங்க பையன் கதவு மாட்றவன்."

"ஆமாங்க. கதவு மாட்றவன்தான்."

பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். பெண் அங்கேயே நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. வரும்போது கையைப் பிடித்தவள், நான் போகும்போது வாசல் வரைக்கும் வரவில்லை. பெரியப்பா மட்டும், "சொல்லி அனுப்பறோம்" என்றார். அளவு ரவிக்கையை நான் கேட்கவும் இல்லை, அவர்கள் கொடுக்கவும் இல்லை.

மூத்தவன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். சின்னவன் போனில், "ஏம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டான். அவ்வளவுதான். மூன்று நாள் போயிற்று. நான் கோழிக்குத் தீனி போட மறந்தேன், அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன்.

நாலாவது நாள் சாயங்காலம் பெரியப்பா தனியாக வந்தார். அழுக்குச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. உட்காரச் சொன்னேன், தண்ணீர் மட்டும் கேட்டார்.

"சென்னைக்குப் போய்ட்டு வரேன்" என்றார். "கம்பெனி கேட்டாண்ட ஒரு பகல் பூரா நின்னேன். எல்லாப் பசங்களும் தலையத் தொங்கப்போட்டுகிட்டு வரானுங்க. உங்க பையனும் அப்படித்தான் வந்தான். என்னப் பாத்ததும் மொதல்ல கேட்டது, சாப்பிட்டீங்களான்னு. டீக்கடையில அவன்கூட வேல செய்யற நாலு பேத்த விசாரிச்சேன். அவன் மாட்டுன கதவு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லன்னாங்க."

நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"ஓசூர்ல வேலைக்கு எனக்குத் தெரிஞ்ச எடம் இருக்கு, கேட்டுப் பாக்கறேன். ஆனா மீதிப் பத்திரிகையில அந்தப் பேர அடிச்சிட்டுத்தான் குடுக்கணும். மாப்பிள பேரு மட்டும் போதும்." தண்ணீரைக் குடித்துவிட்டு, "கேபிள புடுங்குனத எங்க பொண்ணே ஒத்துகிட்டா. நாலு நாளா எலி மேல பழியப் போட்டுகிட்டு எங்களயெல்லாம் ஏமாத்துனவ அவ. அவளுக்கு வேற எடத்த நான் எங்க போய்ப் பாக்கறது?" என்றார்.

நானும் மூத்தவனும் உட்கார்ந்து மார்க்கர் பேனாவால் முந்நூறு பத்திரிகையில் அந்தத் தங்க எழுத்தை அடித்தோம். கறுப்பு மை எவ்வளவு தடவினாலும் தங்கம் அடியில் கொஞ்சம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மகன் கடைசி வண்டிக்கும் கதவு மாட்டிவிட்டு வந்து, இப்போது ஓசூரில் வேறு கம்பெனியில் இருக்கிறான்.

மருமகள் என்னை ஒரு குறை சொன்னதில்லை. ஊருக்கு வந்தால் வேலையெல்லாம் எடுத்துப் போட்டுச் செய்கிறாள், வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். ஆனால் அந்தப் புழக்கடைப் பேச்சை இத்தனை வருஷத்தில் அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சரி கண்ணு என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் ஏன் மாற்றினேன் என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பெரியப்பா நிறுத்தியிருந்தால் அவள் வாழ்க்கை என் வாயால்தான் போயிருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் என் தட்டில் சோறு வைக்கும்போதெல்லாம், அன்றைக்கு வாசல் வரைக்கும் வராமல் நின்றாளே, அந்த நிற்பு இன்னும் முடியவில்லையோ என்று தோன்றும். நேரில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் எழுதினேன்.

பெரிய மகளின் பெண் லீவுக்கு வந்திருக்கிறாள், பத்தாவது படிக்கிறாள். நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

"ஆயா, உன் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்குது."

"இருக்கட்டும். மொதல்லருந்து படி."

"மனசுக்குள்ளயா?"

"சத்தமாப் படி கண்ணு. உங்க ஓசூர் அத்த சமையக்கட்டுலதான் இருக்கா."