அம்மா மேசைக்கடியில் இருந்தபோது

எங்கள் தெருவில் எஞ்சினியர் என்றால் ஆண்பிள்ளை என்றுதான் அர்த்தம். குடிநீர் அலுவலகத்தில் எஞ்சினியராக இருந்த அம்மாவைப் பற்றி யாராவது விசாரித்தால் அப்பா, "ஆபீஸ்ல வேலை பாக்கா" என்பார். மேற்கொண்டு கேட்டால் பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, அம்மாவிடம் ஒரு பெரிய வேலையை ஒப்படைத்தார்கள். சீவலப்பேரி ஆற்றங்கரையிலுள்ள தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, மோட்டார் ஓடுகிறதா என்பதையெல்லாம் திருநெல்வேலி அலுவலகத்திலிருந்தே டெலிபோன் லைன் வழியாகப் பார்க்க வேண்டும். டி.வி. மாதிரி ஒரு திரையும் தட்டுவதற்கு விசைப்பலகையும் வந்திறங்கின. அதற்கு டெர்மினல் என்று பெயர். டெலிபோன் லைனோடு பேசுவதற்கு மோடம் என்றொரு சிறு பெட்டி. இரண்டையும் இணைக்கும் கேபிளைப் பற்றி அம்மா சோறு பிசைந்துகொண்டே பேசுவாள், நடுநடுவே தானே சிரித்துக்கொள்வாள். அப்பாவும் நானும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவோம்.

தொடக்க விழாவுக்கு எங்களையும் வரச் சொன்னாள். அப்பா சலவை வேட்டி கட்டினார், எனக்குப் பட்டுப்பாவாடை. அலுவலக மாடி அறையின் முன்வரிசையில் எங்களுக்கென்று இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். மேசைக்குப் புது விரிப்பு, திரையின் நெற்றியிலும் பக்கத்திலிருந்த பிரிண்டரிலும் சந்தனம், குங்குமம். சென்னையிலிருந்து வந்திருந்த மேலதிகாரி குத்துவிளக்கேற்றினார். அம்மா விசையைத் தட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. கறுப்புத் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, சீவலப்பேரி தூங்குதா?" என்றார் அதிகாரி.

"ஒரு நிமிசம் சார். நேத்து நல்லா ஓடிச்சு."

"வீட்டு மிக்ஸியா இருந்தா இந்நேரம் சரி பண்ணியிருப்பீங்க, இல்ல?"

அறை முழுக்கச் சிரித்தது. அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, விரிப்பைத் தூக்கி, முட்டிபோட்டு மேசைக்கடியில் புகுந்தாள். மோடம் அங்கேதான் இருந்தது. அவளுடைய உள்ளங்கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன, குதிகாலில் வெடிப்பு. பின்வரிசையில் ஒருவர் ஏதோ முணுமுணுக்க, இன்னொருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் காது சுட்டது. அவள் அந்தக் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

அப்பா குனிந்து என் காதில், "ஏட்டி, எந்திரி. பைய வா" என்றார்.

சத்தம் போடாமல் படியிறங்கி, எதிரே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றோம். வெயில் கொளுத்தியது. எனக்கோ தப்பித்துவிட்ட நிம்மதி. கொஞ்ச நேரத்தில் மாடி ஜன்னலிலிருந்து கைதட்டல் கிளம்பியது. விடாமல் தட்டினார்கள்.

"கேலி பண்ணுதானுவ" என்றார் அப்பா, அந்தப் பக்கம் பார்க்காமலே. பஸ் வந்தது. ஏறிவிட்டோம்.

சாயங்காலம் அம்மா லட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள். "விரிப்பு போடுறதுக்காக யாரோ எல்லாத்தையும் கழத்திருக்காவ. திருப்பி மாட்டும்போது பிரிண்டர் கேபிளக் கொண்டுபோயி மோடத்துல செருகிட்டாவ. ரெண்டும் பாக்க ஒண்ணு போலத்தான இருக்கும்! மாத்திப் போட்டேன், அம்புட்டுதான். வரிவரியா வந்துட்டு. தொட்டி முக்காவாசி நெறஞ்சிருக்கு, இங்கன இருந்தே பாத்தோம்!"

பிறகு, "ஆமா, நீங்க எப்பம் போனீய? எந்திச்சுப் பாத்தா ரெண்டு பேரையும் காணோம்" என்றாள்.

"பிள்ளைக்கு வயித்துவலி" என்றார் அப்பா, பேப்பரை விரித்தபடி.

அம்மா பதறிப்போய் என் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவினாள். "இப்பம் எப்படிட்டீ இருக்கு?"

அந்தக் கைதட்டல் கேலியில்லை என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளுக்கும் சந்தோஷமான ஒன்றைச் சொல்லவேண்டும் போலிருந்தது.

"எல்லாரும் கைதட்டுனாவல்லாம்மா, எங்களுக்கும் கேட்டுச்சு. எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்புலதான நின்னோம். கேலி பண்ணுதாவன்னு நெனச்சுத்தான் பஸ் ஏறிட்டோம்."

வயிற்றின் மேலிருந்த கை நின்றது. பிறகு அதை எடுத்துக்கொண்டு அம்மா எழுந்தாள். பொட்டலத்தைப் பிரிக்காமலே அடுக்களைக்குள் போனாள்.

நல்லவேளை, உண்மையைச் சொல்லிவிட்டோம், அலைச்சலில் அம்மாவுக்குத்தான் அலுப்பு என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.