ஜீனு தைக்கப் போனேன்

தோல் தைக்கக் கற்றுக்கொள்கிறவன் ஆரம்பத்தில் இரண்டு தோல்களைத் தைக்கிறான்: ஒன்று மாட்டுடையது, இன்னொன்று தன்னுடையது. நாற்பது தாண்டிய பிறகு எதையாவது கற்றுக்கொள்ளக் கிளம்பிய சக பாவிகளே, உங்கள் விரல்களையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பேண்ட்டு

திருப்பதி லாட்ஜ் ஒன்றில் எனக்கு இரவு டூட்டி. வருகிறவர்கள் எல்லாம் மலைக்குப் போகிறார்கள். சாவி கொடுக்கிறவன் எங்கும் போவதில்லை. சும்மா இருக்காத கை என்னுடையது. செல்போனில் பார்த்துப் பார்த்து பெல்ட், பர்ஸ் என்று தைக்கப் பழகினேன். அப்புறம் குதிரைச் சேணம் கண்ணில் பட்டது. இதைத் தொழிலாகக் கற்றுக்கொண்டு லாட்ஜை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் விஜயபுரம் பக்கம் பாதி வார்த்தை தெலுங்கு. சேணத்தை ஜீனு என்போம். "ஜீனு தைக்கக் கத்துக்கப் போறேன்" என்றேன் வீட்டில். கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரக்கூட இல்லை.

"தைச்சிக்கோ. ஆனா இந்த வயசுல ஜீன்ஸ் போட்டுக்கினு என்கூட பஸ்ல வராதே."

சீட்டு

திருப்பதியில் ஒரு பயிற்சி நிலையத்தில் தோல் வேலை சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, டூட்டி முடிந்த கையோடு முகம் கழுவிக்கொண்டு போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள். "சரிம்மா, நான் எப்ப வந்து சேரட்டும்?" என்றேன்.

"பையனை நேர்ல அனுப்புங்க சார். நைனா வந்து உட்கார்ந்தா சீட்டு தர முடியாது."

சட்டை

சித்தூரில் சரோஜம்மா சேணப் பட்டறை வைத்திருக்கிறார். என்னைவிடச் சின்னவர். ஆனாலும் என் வயதை அவர் கேட்கவில்லை. "வந்து தைங்கண்ணா. குதிரை வயித்தைச் சுத்திக் கட்டற பட்டையை ஒழுங்கா தைச்சீங்கன்னா சேர்த்துக்கறேன். இல்லைன்னா லாட்ஜுக்கே போயிடுங்க" என்றார். இரவு சாவி, காலையில் சித்தூர் பஸ் என்றானது பிழைப்பு.

ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டும் எதிரெதிராகப் போய்வர வேண்டும். மரச்சட்டத்தில் தோலைக் கவ்வவிட்டு, அதை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு தைப்போம். ஒருநாள் தூக்கத்திலேயே ஒரு முழம் தைத்துவிட்டேன். அழகான தையல், பிசிறே இல்லை. டீ வந்தது. எழுந்தேன். பட்டையும் கூடவே எழுந்தது: சட்டையின் முன்பக்கத்தையும் சேர்த்துத் தைத்திருந்தேன். பக்கத்தில் தைக்கிற முனிரத்தினம் கத்தரியோடு வந்தான்.

"இன்னாண்ணா, குதிரைக்குக் கட்டறதுக்கு முன்னே நீயே கட்டிக்கினியே!"

குதிரை

தையல் பிரித்த தோலில் ஓட்டை தளர்ந்துபோகும். புதுத் தோல் வாங்கி, முதல் ஓட்டையிலிருந்து மறுபடி தைத்தேன். பட்டை முடிந்த அன்று, கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற பாஷா பாய் தன் வெள்ளைக் குதிரையோடு வந்தார். சேணத்தைப் போட்டு, பட்டையை இழுத்து மாட்டிவிட்டு என்னைப் பார்த்து, "ஏறு" என்றார். பட்டை தைத்தவன்தான் முதலில் ஏறிக் காட்ட வேண்டுமாம். அந்தப் பட்டறை வழக்கத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. "அறுந்தா மாப்பிள்ளை விழக்கூடாது பாரு" என்றார்.

நான் கழுதைமேல்கூட ஏறியதில்லை. சரோஜம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாட்டேன் என்றால் இன்று இரவும் சாவி, சாகிற வரைக்கும் சாவி. ஏறிவிட்டேன். குதிரை நாலு எட்டு மரியாதையாக நடந்தது. தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்ததும் துள்ளியது. அடுத்து நான் பார்த்தது குதிரையின் வயிற்றை, தரையிலிருந்து. என் பட்டை அங்கே அப்படியே இறுகிக் கிடந்தது. சேணம் ஒரு விரல் அளவுகூடச் சரியவில்லை. சரோஜம்மா ஓடிவந்து குனிந்தார். முதலில் பட்டையைப் பார்த்தார், பிறகுதான் என்னை.

"பட்டை நிக்குதுண்ணா, ஆளுதான் நிக்கல. லாட்ஜுல சொல்லிட்டு திங்கக்கிழமை வந்துடுங்க."

இப்போது பட்டறையில் எல்லோரும் உட்கார்ந்து தைக்க, இடுப்பு தேறும்வரை நான் ஒருவன் மட்டும் மரச்சட்டத்தை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்து, நின்றுகொண்டே தொழில் பழகுகிறேன்.