கலக்கி சாரின் நீல ஜாடி

எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கலக்கி சார். மணி அடிக்கும்வரை "கலக்கு, இன்னும் கலக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? நான் அவருடைய ஆய்வகத்தில் உதவியாளர். இருபத்திரண்டு வருஷமாகச் சோதனைக்குழாய் கழுவிக் கழுவி என் கைரேகையே தேய்ந்துவிட்டது. அந்த மனுஷரைப் பற்றி அவர் மனைவியைவிட எனக்கு ஒரு பிடி அதிகமாகவே தெரியும்.

கரைசல் பாடம் வந்துவிட்டால் போதும், சாருக்குக் கால் தரையில் நிற்காது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை இரண்டு கையாலும் இறக்கி மேசையில் வைப்பார். உள்ளே அடர்நீலத் தண்ணீர். அதன் நடுவில், நூலில் கட்டித் தொங்கும் கட்டைவிரல் பருமன் மயில்துத்தப் படிகம்.

"தண்ணிக்குள்ளதானே இருக்கு, ஏன் கரையல?" என்று கேட்பார்.

"மூடி போட்டிருக்கீங்க சார்" என்பான் ஒருவன். "கலக்கல சார்!" என்பாள் இன்னொருத்தி. வகுப்பே கொல்லென்று சிரிக்கும்.

"இந்தத் தண்ணி வயிறு நிறைய சாப்பிட்டாச்சுடா. இனி ஒரு துணுக்கு உள்ள வாங்காது. ஆனா ஒரு கரண்டி நல்ல தண்ணி ஊத்திப் பாரு, மறுபடி பசி வந்துடும். படிகத்தைக் கடிக்க ஆரம்பிச்சிடும்." சொல்லிவிட்டு ஜாடியை மறுபடி மேலே ஏற்றிவிடுவார். அதை யாரும் தொடக் கூடாது. நான்கூடத் தூசி தட்டக் கூடாது.

காரணம் எனக்குத் தெரியும். அந்தப் படிகம் அவர் மகள் வளர்த்தது. பதினொன்றாம் வகுப்பில் இதே ஆய்வகத்தில் படித்தபோது, தன் தலை ரிப்பனிலிருந்து உருவிய நூலில் முடிச்சுப் போட்டு, மிளகளவு துணுக்கைக் கட்டித் தொங்கவிட்டாள். தினமும் காலையில் பையைக்கூட இறக்காமல் வந்து எட்டிப் பார்ப்பாள். அப்பா வழியே போவேன், வேதியியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்ற பெண்.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு இருமல். சாருக்கு ஒரு பழக்கம் உண்டு. செய்முறைத் தேர்வில் எந்தப் பிள்ளையாவது திருதிருவென்று விழித்தால், பின்னால் போய் நின்று இருமுவார். ஒரு இருமல் என்றால் சூடாக்கு, இரண்டு என்றால் அமிலம் சேர். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், "தொண்டைக்கு நல்லது சார்" என்று இவருக்கு மிட்டாய்கூடக் கொடுத்திருக்கிறார்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மகளுக்கு வந்தது குளிர்ந்த நீரில் கரையாத வெள்ளை உப்பு. சூடாக்கினால் கரைந்துவிடும், அவ்வளவுதான் விஷயம். பதற்றத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை. கலக்கினாள், குலுக்கினாள், கடைசியில் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். நான் தொட்டியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இருமல் போதும். அந்த மனுஷர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐந்து நிமிஷம் கழித்து அடுத்த மேசைப் பையனுக்கு இருமினார், அதையும் அவள் கேட்டாள்.

அன்று மாலை நான் அவரைச் சும்மா விடவில்லை. "ஊர்ல இருக்கற பிள்ளைங்களுக்கெல்லாம் இருமத் தெரியுது. பெத்த பொண்ணுக்கு மட்டும் தொண்டை அடைச்சிடுச்சா சார்?"

"என் பொண்ணாச்சேம்மா. நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

அந்த நாலு பேர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுக்கு மதிப்பெண் குறைந்தது, விரும்பிய கல்லூரி கிடைக்கவில்லை. தூரத்து நகரத்தில் ஏதோ ஒரு படிப்பு, அப்புறம் ஏதோ ஒரு வேலை. நாலு வருஷமாக அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள். அந்த நேரத்தில் சார் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, குரல் காதில் விழாதா என்று உட்கார்ந்திருப்பாராம். பக்கம் புரளவே புரளாது என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லி அழுவார். எனக்கும் பெற்ற வயிறு எரியும்.

இந்தக் கோடை விடுமுறையில் சார் விடைத்தாள் திருத்த வெளியூர் போனார். நான் ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும்போது பார்த்தால், ஜாடியில் நீர் வற்றி, படிகத்தின் தலை வெளியே தெரிந்தது. ஐயோ பாவம், காய்ந்துபோகுமே என்று காய்ச்சி வடித்த நீரை எடுத்துக் கழுத்துவரை ஊற்றினேன். குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது என்கிற அறிவு எனக்கு இருந்ததே என்று பெருமை வேறு! அந்தப் பாடத்தை இருபத்திரண்டு தடவை கேட்டவள் நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் நூல் மட்டும் தொங்கியது. நுனியில் வெறும் முடிச்சு.

எனக்கு உயிரே போய்விட்டது. சார் ஊரிலிருந்து திரும்பிவிட்டார் என்று தெரிந்ததும், ஞாயிறு காலை ஜாடியைப் பையில் வைத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அந்தம்மா மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். சார் வழக்கம்போலச் செய்தித்தாளுக்குப் பின்னால். நான் ஜாடியை மேசையில் வைத்து, "நான்தான் சார் கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தினேன்" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தம்மா பதறிப்போய், "தண்ணி ஊத்தினதுல உன் படிகம் கரைஞ்சு போச்சாம்டி" என்று போனில் சொல்லிவிட்டார். பிறகு அந்தம்மா போனை மெல்ல சாரிடம் நீட்டினார்.

"உங்ககிட்ட பேசணுமாம்."

சார் அதை ஜாடியைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் வாங்கினார். எதிரே நின்ற எனக்கும் அவள் குரல் கேட்டது.

"எவ்வளவு தண்ணி ஊத்தினாங்க?"

"கழுத்து வரைக்கும்மா."

"அதை வச்சிருந்தீங்களா? இத்தனை நாளா?"

சார் வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில் வந்தது ஒரே ஒரு இருமல்.

"இப்ப இருமறீங்களேப்பா" என்றாள் அவள். "அன்னைக்கு ஒரு தடவை இருமியிருக்கக் கூடாதா?"

"தப்புதாம்மா" என்றார் சார். "தப்புதான்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் சொன்னாள்: "அதைக் கீழ கொட்டிடாதீங்க. லீவு கிடைச்சா வரேன். நானே கட்றேன்."

இது நடந்து மூன்று மாதமாகிறது. அவளுக்கு இன்னும் விடுப்புக் கிடைக்கவில்லை. ஜாடி இப்போது சாரின் மேசைமேலேயே இருக்கிறது. போன வாரம் மதியம் உள்ளே போனேன். நீர் வற்றி, ஜாடி ஓரத்தில் கடுகளவு நீலத் துணுக்குகள் கட்டத் தொடங்கியிருந்தன. சார் பிப்பெட்டில் காய்ச்சி வடித்த நீரை எடுத்து, சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கே சார்! நான் ஊத்தினா குத்தம், நீங்க ஊத்தினா சரியா? அதுவா வளர்ந்து வருதே, விடுங்களேன்."

அவர் நிமிரவில்லை. கடைசித் துணுக்கு கரையும்வரை கலக்கினார்.

"அவ வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிடக் கூடாதும்மா" என்றார்.