நாளைக்கும் சேர்த்து எழுதிய நாலு டிகிரி

அந்தத் தெருவில் அவளுக்குக் கெஜட் அக்கா என்று பெயர். அரசாங்கம் கெஜட்டில் எந்த விதியைத் திருத்தினாலும் மறுநாளே அவளுக்குத் தெரிந்துவிடும். பேக்கரிக்காரிக்கு உணவுத் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தாலும் சரி, வெல்டிங் பட்டறைக்காரருக்குத் தீயணைப்புத் துறையிலிருந்து வந்தாலும் சரி, காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நேராக அவளுடைய மருந்துக்கடைக்குத்தான் ஓடி வருவார்கள். அவள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பாள். அபராதம் எப்போதும் கடைசியில்தான் ஒளிந்திருக்கும் என்பது அவளுடைய அனுபவம்.

"எதுக்கு இப்படி வேர்க்குது உங்களுக்கு? பின்கதவு வெளிப்பக்கமா திறக்கணும்னு சொல்றாங்க, அவ்வளவுதான். பதினைஞ்சு நாள் டைம் இருக்கு. கீலை மாத்துங்க, போட்டோ எடுத்து அனுப்புங்க, நிம்மதியா சாப்பிடுங்க" என்பாள். இழவு வீட்டு முகத்தோடு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார்கள்.

கடை திறந்து இருபத்திரண்டு வருடம். ஒரு தடவைகூட அபராதம் கட்டியதில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை. விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள் என்று யாராவது சொன்னால், "புதுப் பதிப்பு வந்திருக்கு, அதையும் குடிச்சாச்சு" என்பாள்.

மருந்துக்கடையில் ஃப்ரிட்ஜ் சும்மா குளிர்ந்த தண்ணீருக்காக இருப்பதில்லை. இன்சுலினும் சில ஊசி மருந்துகளும் அதில்தான் இருக்கும். வெப்பநிலை இரண்டு டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, எட்டுக்கு மேலேயும் ஏறக்கூடாது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் அவள் எழுதுவாள். ஏழு மாதத்துக்கு முன் அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அன்றிலிருந்து மாலை முறை அவருடையது. அவரவர் பொறுப்பு அவரவருக்கு என்று அவளே நோட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அவர் கையில் கொடுத்திருந்தாள்.

"ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாது. காலியா இருந்தா அபராதம்" என்று அன்றைக்கே எச்சரித்திருந்தாள். அவரும் தலையை ஆட்டியிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வாளர் வந்தார். சின்ன வயசு, கழுத்தில் அடையாள அட்டை, பேச்சில் மரியாதை. பில் கட்டு, காலாவதித் தேதி, காலை நோட்டு எல்லாவற்றையும் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு மாலை நோட்டைத் திறந்தார். புருவம் மேலே போனது.

"மேடம், சனிக்கிழமை சாயங்காலம் உங்க ஃப்ரிட்ஜ் நாலு டிகிரியில இருந்திருக்கு."

"போன சனிக்கிழமையா?"

"இல்லை மேடம். வரப்போற சனிக்கிழமை."

அவள் எட்டிப் பார்த்தாள். வியாழன், வெள்ளி, சனி, மூன்று மாலைக்கும் நாலு டிகிரி. கீழே வீட்டுக்காரருடைய கையெழுத்து, வளைவு சுழிவோடு கம்பீரமாக நின்றது.

எழுதாமல் விட்டால் சின்ன அபராதம். பொய்யாக எழுதினால் லைசென்ஸே ரத்தாகலாம். அது பதினேழாம் விதி, அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆய்வாளர் நோட்டைப் படம் எடுத்துக்கொண்டு, பத்தாம் நாள் விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார்.

மதியம் வீட்டுக்காரர் வந்ததும் அவள் நோட்டை எடுத்து முன்னால் போட்டாள். அவர் மென்று விழுங்கினார்.

"சாயங்காலம் கூட்டமா இருக்கும்மா. மறந்துட்டா நீ திட்டுவே. அதான் திங்கக்கிழமையே சனிக்கிழமை வரைக்கும் எழுதி வெச்சிடுவேன். பஸ்ல அப்படித்தான் பண்ணுவோம். வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே ஷீட்ல ஸ்டாப் பேரையெல்லாம் எழுதிடுவோம்."

"ஸ்டாப்பு இடம் மாறாதுங்க. ஃப்ரிட்ஜ் மாறும்."

"என்னைக்குமே நாலுதானே காட்டுது?"

அவள் காலை நோட்டை விரித்துக் காட்டினாள். மூன்றரை, ஐந்து, நாலே முக்கால், கரண்ட் போய் வந்த ஒரு நாள் ஏழரை. அவருடைய நோட்டில் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை நாலு, நாலு, நாலு. முட்டிவலிக்காக அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மூன்று நாட்களிலும் அதே நாலு, அதே கம்பீரக் கையெழுத்து.

அவளுக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்ச நேரத்தில் தன்மேலேயே திரும்பியது. தெருவில் வருகிறவன் போகிறவன் காகிதத்தையெல்லாம் வரிவரியாகப் படித்தவள், தன் கடையில் இருக்கும் ஒரு நோட்டை ஏழு மாதமாகத் திறந்து பார்க்கவில்லை. அவருக்கு அபராதத்தைச் சொன்னாள். எதற்காக எழுதுகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயந்த மனுஷன் கட்டத்தை நிரப்பிவிட்டார்.

பேக்கரிக்காரி விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். "அக்கா, மூணு நாள்தானே மாட்டியிருக்கு? அண்ணனுக்குக் கண்ணு சரியா தெரியலை, தேதி மாறிப்போச்சுன்னு ஒரே போடா போட்டுடுங்க."

"கண்ணு நல்லா தெரியுது. எனக்குத்தான் தெரியலை" என்றாள் கெஜட் அக்கா.

அன்றே அவள் வேலையில் இறங்கினாள். வீட்டுக்காரரை உட்கார வைத்து, எந்த நாள் நிஜமாகப் பார்த்து எழுதினார் என்று கேட்டாள். அவருக்கே தெரியவில்லை. அதனால் இருநூற்றுப் பன்னிரண்டு மாலைப் பதிவுகளில் ஒன்றையும் நம்ப வேண்டாம் என்று கடிதம் எழுதினாள். ஃப்ரிட்ஜில் இருந்ததையெல்லாம் எடுத்துப் பெட்டியில் போட்டு ஒட்டினாள். இன்சுலின் வாங்கிப்போன பத்தொன்பது வீடுகளுக்கும் போன் செய்து, மீதியைத் திருப்பித் தரும்படியும், இன்றைக்கே வேறு கடையில் புதிதாக வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னாள்.

ஒருத்தி கத்தித் தீர்த்துவிட்டாள். வாங்கிக் கட்டிக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்தினாள். கடைசியாக, வழக்கமாக வரும் லாரி டிரைவர். அவர், "எத்தனையோ கடையில வாங்கியிருக்கேன்மா. வித்ததைத் திருப்பிக் கேட்டது நீ ஒருத்திதான்" என்றார். அது பாராட்டா வசவா என்று அவளுக்குப் புரியவில்லை.

பத்தாம் நாள், அலுவலகத்தில் நரைத்த தலை அதிகாரி அவளுடைய கடிதத்தை இரண்டு தடவை படித்தார். வீட்டுக்காரர் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"நாங்க பிடிச்சது மூணு. நீங்க இருநூத்துப் பன்னிரண்டைக் கொண்டுவந்து நீட்டுறீங்களேம்மா?"

"மூணுதான்னு சொன்னா அதுவும் ஒரு பொய்யாயிடும், சார்."

"இதுக்கு லைசென்ஸை ரத்து பண்ணலாம், தெரியுமில்லே?"

"தெரியும் சார். பதினேழாம் விதி, முதல் உட்பிரிவு. அதுக்குக் கீழே நாலாவது உட்பிரிவு இருக்கு. விசாரணைக்கு முன்னாடியே முழுசா ஒத்துக்கிட்டு, சந்தேகப்பட்ட சரக்கைத் திரும்ப வாங்கினவங்களுக்கு ரத்துக்குப் பதிலா கொஞ்ச நாள் நிறுத்தி வெக்கலாம்னு போட்டிருக்கு. கட்டாயம் இல்லை. அது உங்க முடிவு."

குரல் ஆடவில்லை. மேசைக்கு அடியில் விரல்கள் மட்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. இருபத்திரண்டு வருடம் அந்த மேசையின் மேல் கிடந்தது. அதிகாரி அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தேடி, விரலை வைத்துப் படித்தார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"நீங்கதான் நாலு டிகிரியா?"

"ஆமாங்க" என்றார் அவர், டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர் போல.

"ஏழு நாள் கடையை மூடுங்க. அபராதமும் உண்டு. அடுத்த தடவை நான் எந்த உட்பிரிவையும் தேட மாட்டேன்."

வெளியே வந்ததும் அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்காரர் குடையை விரித்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார்.

கடைக் கதவில் உத்தரவின்படி மூடப்பட்டுள்ளது என்று ஒட்டினாலே போதும். அவள் அதன் கீழே காரணத்தையும் எழுதி ஒட்டினாள். தெருவே நின்று படித்தது. மூன்றாம் நாள் வெல்டிங் பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்து, மூன்று மாதமாக மேசை டிராயரில் மறைத்து வைத்திருந்த ஒரு நோட்டீஸை நீட்டினார். அவள் திட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

எட்டாம் நாள் கடை திறந்தது. இப்போது ஒரே நோட்டு, இரண்டு பேருக்கும் பொது. கழுவித் துடைத்துக் காலியாக வைத்திருந்த ஃப்ரிட்ஜுக்கு மாலையில்தான் கரண்ட் கொடுத்தார்கள். புதுச் சரக்கு ஐஸ் பெட்டியிலேயே இருந்தது. வீட்டுக்காரர் குனிந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார். நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார். பேனா கட்டத்துக்கு மேலே நின்றுவிட்டது.

"பதினொண்ணு காட்டுதும்மா."

"அப்ப பதினொண்ணுன்னு எழுதுங்க."

"எட்டுக்கு மேல போனா தப்பாச்சே?"

"பதினொண்ணுன்னு எழுதினாத்தானே மருந்தை உள்ளே வெக்கக் கூடாதுன்னு தெரியும்? அதுக்குத்தாங்க இந்த நோட்டே. அபராதத்துக்காக இல்லை. இதை முதல் நாளே சொல்லாதது என் தப்பு."

அவர் பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த நேரம் பார்த்து லாரி டிரைவர் படியேறி, இன்சுலின் வேண்டும் என்றார்.

"இன்னும் குளிரலை, அண்ணே. நேரமாகும். அவசரம்னா ஐஸ் பெட்டியிலேருந்து எடுத்துத் தரட்டுமா?"

"அவசரமில்லை. எவ்வளவு காட்டுது?"

"பதினொண்ணு" என்றார் வீட்டுக்காரர், முதன்முறையாக நிச்சயமாக.

டிரைவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முள் எட்டுக்குக் கீழே இறங்கும்வரை மூன்று பேரும் ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.