டிரில் வாத்தியாரின் விசில்

தென்காசியில் எங்கள் டிரில் வாத்தியார் தூங்கும்போதும் விசிலைக் கழற்ற மாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. ஒட்டிய கன்னம், கஞ்சி போட்ட காக்கி அரைக்கால் சட்டை. அவர் விசில் கேட்டால் பந்தை விட்டு விலகி நின்றுவிட வேண்டும். கோல் விழப் போகிற நேரமானாலும் சரிதான்.

ஒரு சாரல் நாளில் நானும் கடையநல்லூர்த் தறிக்காரர் மகனும் பந்துக்குப் பாய்ந்து மோதி விழுந்தோம். எனக்கு முட்டி சிராய்த்தது. அவனுக்குக் கை ஒடிந்து தொங்கியது. வாத்தியார் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நான் பண்ணையார் மகன். டாக்டர் என்னை மேசையில் ஏற்றிப் பஞ்சை எடுத்தார். அவனை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

வாத்தியார் விசிலை ஊதினார். ஆஸ்பத்திரியே அதிர்ந்தது.

"என்ன வேய், இங்கன வந்து விசில் ஊதுதீரு?" என்று டாக்டர் சீறினார்.

"இவனுக்குத் தோல்தான் போயிருக்கு. அங்கன ஒருத்தன் கை ஒடிஞ்சு உக்காந்திருக்காம்லா, அவன மொதல்ல பாருங்க."

அதற்குள் நான் மேசையை விட்டு இறங்கி விலகி நின்றிருந்தேன். அத்தனை பழக்கம். டாக்டர் காலி மேசையைப் பார்த்தார். பிறகு அவனைக் கூப்பிட்டார்.

வாத்தியார் டாக்டரை எதிர்த்து ஊதினார் என்றுதான் பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சு. எனக்கென்னவோ, நான் இறங்கிவிடுவேன் என்று தெரிந்தேதான் ஊதினார் என்று படுகிறது.